பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு வைரஸ் காய்ச்சல் ஏன் நெஞ்சில் இறங்குகிறது?

சோமனூர் தறிக்காரன் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். இந்த அடைமழைக் காலத்தில் எங்கள் தறிக்குடோனில் ஒரு காய்ச்சல் புகுந்து, தறி ஓட்டுகிறவர்கள், பாவு பிணைக்கிறவர், தார் சுற்றும் பெண்கள் என்று ஒருவரையும் விடாமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. தொண்டைக் கரகரப்பு, உடம்பு வலி, காய்ச்சல், பிறகு இருமல் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தொடங்கியது. ஒரே பேக்கரியில் டீ குடித்து, ஒரே குடத்தில் தண்ணீர் மொண்டு, அடுத்தடுத்த தறியில் நிற்கிறவர்கள் என்பதால் எல்லோருக்கும் வந்தது ஒரே கிருமியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் முடிவு ஒரே மாதிரி இல்லை. புகைப் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு வாரத்துக்குள் தறிக்குத் திரும்பிவிட்டார்கள். பீடி குடிப்பவர்களுக்கு மட்டும் காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் விடவில்லை. அவர்களில் எனக்குப் பங்காளி முறையில் அண்ணனாக வேண்டிய ஒருவருக்கு நெஞ்சுச்சளி கட்டி, மூச்சு இரைத்து, ஆக்ஸிஜன் வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே திண்ணையில் உட்கார்ந்து பீடி கேட்கிறார். ஒன்று இழுத்தால்தான் சளி இளகி வெளியே வருகிறது என்கிறார். அண்ணியோ பஞ்சுத் தூசிதான் காரணம் என்கிறார். வயதாகிவிட்டது என்கிறவர்களும் உண்டு. கொரோனா காலத்தில் சிகரெட் குடிப்பவர்களை அந்த நோய் அண்டாது என்று செய்தி வந்ததாக இன்னொருவர் வாதாடுகிறார்.

ஒரே கிருமி இருவரிடம் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்குப் புகைதான் காரணமா, அப்படியானால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், அண்ணனிடம் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

கோபி விலங்கியல் ஆசிரியர் (பணி ஓய்வு)

தம்பி, உங்கள் கேள்விக்கு மூச்சுக்குழாயின் உள்சுவரிலிருந்துதான் விடை தொடங்க வேண்டும். அந்தச் சுவரில் உள்ள செல்களின் தலையில் குறுஇழைகள் என்னும் மயிர் போன்ற உறுப்புகள் இருக்கின்றன. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 200 இழைகள், ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் ஒரே திசையில் அசைந்துகொண்டே இருக்கும். அவற்றின் மேல் மெல்லிய கோழைப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. நாம் இழுக்கும் காற்றில் வரும் தூசியும் கிருமியும் அந்தக் கோழையில் ஒட்டிக்கொள்ள, இழைகள் அதை மெல்ல மெல்லத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். உங்கள் குடோனில் பறக்கும் பஞ்சை இடைவிடாமல் வாசலுக்குக் கூட்டித் தள்ளுகிற ஆள் ஒருவர் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் கையை முடக்கிக்கொண்டால், தறி ஓட ஓடப் பஞ்சு சேர்ந்துகொண்டேதான் போகும்.

புகை செய்வது அதைத்தான். புகையில் உள்ள அக்ரோலின் போன்ற நச்சுப்பொருள்கள் இழைகளின் அசைவை மந்தப்படுத்துகின்றன. பல ஆண்டுகள் தொடர்ந்து குடிக்கும்போது இழைகள் குட்டையாகிப் போவதோடு, இழையுள்ள செல்கள் குறைந்து கோழை சுரக்கும் செல்கள் பெருகிவிடுகின்றன. கோழை கூடுகிறது, அதைத் தள்ளும் வேலை குறைகிறது. மிச்சமிருக்கும் ஒரே வழி இருமல். புகைப்பவருக்குக் காலையில் எழுந்தவுடன் வரும் அந்த நீண்ட இருமலுக்கு இதுதான் காரணம். பீடி இழுத்தால் சளி இளகுவதாக உங்கள் அண்ணன் சொல்வதும் இதிலிருந்து வந்ததுதான். புகை மூச்சுக்குழாயை உறுத்துவதால் இருமல் எழும்புகிறது, இருமலில் கொஞ்சம் கோழை வெளிவருகிறது. ஆனால் அந்தக் கோழையைத் தேங்க வைத்ததும், அதே நேரத்தில் புதிதாகச் சுரக்க வைப்பதும் அந்தப் பீடியேதான்.

இரண்டாவது காவல் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நம் மக்கள் அதிகம் பேசுவதில்லை. 1957ஆம் ஆண்டில் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர் இன்ஃப்ளுயன்சா (ஃப்ளூ) வைரஸை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, வைரஸ் தொற்றிய செல்கள் அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும் ஒரு பொருளை வெளியிடுவதைக் கண்டுபிடித்து, அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். எச்சரிக்கை கிடைத்த செல்கள், வைரஸ் உள்ளே வந்தாலும் பெருக முடியாதபடி தம்மைத் தயார் செய்துகொள்கின்றன. புகைப்பவர்களின் மூக்குச் செல்களை எடுத்து வளர்த்து இன்ஃப்ளுயன்சா வைரஸைத் தொற்ற வைத்துப் பார்த்த ஆய்வில், இந்த எச்சரிக்கைப் பொருள் குறைவாகவே வெளிப்பட்டது. வைரஸ் கூடுதலாகப் பெருகியது. ஆகவே தங்கள் குடோனுக்கு வந்த கிருமி ஒன்றாகவே இருந்தாலும், அது போய் இறங்கிய இடம் ஒன்றல்ல.

காங்கேயம் லாரிக்காரர்

ஆசிரியர் ஐயா சொல்வதை மரியாதையோடு படித்தேன். ஆனால் கண்ணால் பார்ப்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா. நான் லாரி ஓட்டத் தொடங்கிய காலத்திலிருந்து சிகரெட் குடிக்கிறேன். சளி, காய்ச்சல் என்று நான் படுப்பது அபூர்வம். என் வீட்டுக்காரம்மாவுக்கு எந்தப் பழக்கமும் கிடையாது, மழை தூறினாலே தும்மல் வந்துவிடும். எங்கள் அப்பாரு சுருட்டுக் குடித்துக்கொண்டே தொண்ணூறு வயதுக்கு மேல் தோட்டத்தில் மாடு மேய்த்தவர். கொரோனா சமயத்தில் பிரான்ஸ் நாட்டு டாக்டர்களே, புகைப்பவர்களுக்கு அந்த நோய் குறைவாக வருகிறது என்று சொன்னதாகச் செய்தியில் பார்த்தேன். அதையும் யாராவது விளக்கினால் நல்லது. புகைக்குப் பரிந்து பேசுவதற்காக நான் இதைக் கேட்கவில்லை. உண்மை எது என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

கோவை மார்புநோய் மருத்துவர்

லாரிக்கார ஐயாவின் கேள்வி முறையான கேள்வி. ஒரு குடும்பத்தில் இருவரை வைத்துப் பார்த்தால் எப்படி வேண்டுமானாலும் தோன்றும் என்பதால்தான், ஒரே இடத்தில், ஒரே சாப்பாடு சாப்பிட்டு, ஒரே வயதில் இருக்கும் பலரை ஒரே சமயத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு வாய்ப்பு இஸ்ரேல் ராணுவப் பிரிவு ஒன்றில் ஃப்ளூ பரவியபோது கிடைத்தது. அந்த ஆய்வு 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. 336 இளைஞர்கள், எல்லோரும் உடல்தகுதி பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள். புகைப்பவர்களில் 68.5 விழுக்காட்டினருக்கு ஃப்ளூ வந்தது, புகைக்காதவர்களில் 47.2 விழுக்காட்டினருக்கு வந்தது. படுக்கையில் தள்ளும் அளவுக்கு, வேலைக்குப் போக முடியாத அளவுக்குக் கடுமையாக வந்தது முறையே 50.6 விழுக்காடும் 30.1 விழுக்காடும். வயதாகிவிட்டதால்தான் நெஞ்சில் இறங்கியது என்று சொல்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் இருபது வயதைச் சுற்றிய பையன்கள்.

இதே எண்களில் ஐயாவின் கேள்விக்கும் விடை இருக்கிறது. புகைத்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஃப்ளூ வரவில்லை. புகைக்காதவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு வந்திருக்கிறது. ஆகவே நீங்களும் அப்பாருவும் ஒரு பக்கம், உங்கள் வீட்டுக்காரம்மா ஒரு பக்கம் என்று இருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. புகை எல்லோரையும் வீழ்த்துவதில்லை, வீழ்கிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் ஊரில் 1946 முதல் 1990 வரை சாதாரணச் சளிக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இயங்கியது. விருப்பத்தோடு வந்தவர்களைத் தங்க வைத்து, மூக்கில் வைரஸ் கலந்த சொட்டு மருந்தை விட்டு, அவர்கள் மூக்குச் சிந்தும் காகிதக் கைக்குட்டைகளைக்கூடக் கணக்கில் எடுத்துக் கவனித்தார்கள். அங்கே 391 பேருக்கு ஐந்து வகைச் சுவாச வைரஸ்களில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. புகைப்பவர்களுக்குத் தொற்று ஏற்படுவதும் கூடுதல், தொற்று ஏற்பட்ட பிறகு நோயாக வெளிப்படுவதும் கூடுதல். இங்கே எல்லோர் மூக்கிலும் வைரஸ் வேண்டுமென்றே விடப்பட்டது என்பதைக் கவனியுங்கள். புகைப்பவர்கள் கூட்டமாக நின்று குடிப்பதால்தான் நோய் தொற்றுகிறது, புகைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாதிட இங்கே இடமில்லை.

இனி பிரான்ஸ் செய்திக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் கொரோனா நோயாளிகளிடையே புகைப்பவர்களின் விகிதம் நாட்டின் சராசரியைவிடக் குறைவாக இருந்ததைப் பார்த்து, புகையிலையில் உள்ள நிகோடின் ஏதோ ஒரு வகையில் தடுக்கிறதோ என்று சில ஆய்வாளர்கள் ஐயப்பட்டது உண்மை. அந்தச் செய்தியால் மக்கள் மருந்துக்கடைகளில் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டைகளை வாங்கிக் குவித்துவிடக் கூடாது என்று பிரான்ஸ் அரசு விற்பனைக்குக் கட்டுப்பாடு வைக்கும் அளவுக்குப் போனது. ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டைகள் இருந்தன. மூச்சுத் திணறும் மனிதர் மருத்துவமனைக்கு வருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே சிகரெட்டைத் தொட முடியாமல் விட்டிருப்பார். கேட்டால் இப்போது குடிப்பதில்லை என்பார். பதிவேட்டில் புகைக்காதவர் என்று ஏறிவிடும். அவசரத்தில் அந்தக் கேள்வியே கேட்கப்படாமல் போனதும் நிறைய. அக்காலத்தில் வந்த இத்தகைய கட்டுரை ஒன்று, அதன் ஆசிரியர்கள் இருவர் புகையிலைத் துறையோடு தமக்கிருந்த தொடர்பைச் சொல்லாமல் மறைத்தது தெரிந்த பிறகு, 2021இல் திரும்பப் பெறப்பட்டது. நோய் வருவதற்கு முன்பே புகைப்பழக்கம் பதிவாகியிருந்த 4,21,469 பேரை இங்கிலாந்தில் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒருபோதும் புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்கள் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 80 விழுக்காடு கூடுதலாக இருந்தது. முதல் செய்தி நம் ஊர்ப் பேக்கரி வரைக்கும் வந்து சேர்ந்தது, பின்னால் வந்த திருத்தம் வந்து சேரவில்லை. எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அந்த முதல் செய்தியை நம்பிக் குடித்துக்கொண்டே வந்து படுத்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

சிங்காநல்லூர் மில் தொழிலாளி (ஓய்வு)

அண்ணி பஞ்சுத் தூசி என்று சொன்னதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். நான் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூம், அதைச் சிக்கெடுக்கும் கார்டிங் இரண்டிலும் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சை ஒரு பிடி பிடிக்கும், வாரம் போகப் போகத் தளரும். அதைப் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று எங்கள் மில் டாக்டர் விளக்கியிருக்கிறார். ஆனால் ஒரே பகுதியில் ஒரே தூசியைக் குடித்த எங்களில், ஓய்வு பெறும் முன்பே படி ஏற முடியாமல் போனவர்கள் பெரும்பாலும் புகைத்தவர்களே. தூசி தனியாக ஒரு கெடுதி, புகை தனியாக ஒரு கெடுதி, இரண்டும் ஒரே நெஞ்சில் சேரும்போதுதான் தாங்க முடிவதில்லை. தறிக்காரர் தம்பிக்கு என் வேண்டுகோள்: அண்ணனைப் பீடியை விடச் சொல்லுவதோடு நிறுத்தாமல், குடோனில் மூக்குக்கவசம் போடுவதற்கும் காற்று வெளியேறுவதற்கும் வழி செய்யுங்கள். முதலாளி தன் பங்கைச் செய்யாமல் தொழிலாளியின் பீடியை மட்டும் குறை சொன்னால் அது காதில் ஏறாது.

அனுப்பர்பாளையம் தாய்

இந்த உரையாடலைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். என் கணவர் பாத்திரப் பட்டறையில் வேலை செய்கிறார். வீட்டுக்குள் ஒருபோதும் புகைப்பதில்லை, வாசலுக்கு வெளியே நின்றுதான் குடிப்பார். நாங்கள் இருப்பது லைன் வீடு. முன்பக்கம் ஒரு கதவு, ஒரு சன்னல், அவ்வளவுதான். என் இளைய மகனுக்கு ஒன்றரை வயது. சளி பிடித்தால் மற்றக் குழந்தைகளுக்கு மூக்கோடு நின்றுவிடுகிறது, இவனுக்கு மட்டும் நெஞ்சில் கீச்சுக்கீச்சென்று சத்தம் வந்து, நெபுலைசர் வைக்க ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. மாமியார் தயிர்சாதம் கொடுத்ததால் என்கிறார். வெளியே நின்று குடிப்பதும் குழந்தையைப் பாதிக்குமா?

கோவை மார்புநோய் மருத்துவர்

பாதிக்கும் அக்கா. புகைப்பவர் இருக்கும் வீட்டில் வளரும் சிறு குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா, காதில் சீழ் ஆகியவை கூடுதலாக வருகின்றன என்பது நன்கு நிலைநாட்டப்பட்ட செய்தி. கைக்குழந்தைகளிடம் நீங்கள் சொல்லும் அந்தக் கீச்சொலியை அடிக்கடி உண்டாக்குவது ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ். பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாகப் போய்விடும் அதே வைரஸ், குழந்தையின் குறுகலான மூச்சுக்குழாயில் வீக்கத்தை ஏற்படுத்தும்போது காற்றுப் போகும் வழி பெரிதும் அடைபட்டுவிடுகிறது. அந்தக் குழாய் புகையால் ஏற்கெனவே புண்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். தயிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. சளி பிடித்த குழந்தையின் சாப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள்.

வெளியே நின்று குடிப்பது உள்ளே குடிப்பதைவிடக் குறைவான கெடுதிதான், ஆனால் லைன் வீட்டில் வாசல் என்பது வீட்டிலிருந்து இரண்டடி. திறந்த கதவு வழியே புகை உள்ளே வரும். சட்டையிலும் கையிலும் ஒட்டியதும் வரும். குடித்து முடித்தவுடன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டால் அதன் மூக்கு அந்தச் சட்டையில்தான் இருக்கும். விடும் வரைக்குமாவது, கதவிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய்க் குடிப்பதும், வந்ததும் கைகழுவிச் சட்டையை மாற்றிக்கொண்டு குழந்தையைத் தொடுவதும் வேண்டும். வீட்டில் விறகடுப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுப்புப் புகையும் குழந்தையின் நெஞ்சுக்கு இதே கெடுதியைச் செய்கிறது. அடிக்கடி நெபுலைசர் தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் தொடர்ந்து பார்த்துவருவதும் அவசியம்.

தாராபுரம் மருந்துக்கடைக்காரர்

கடையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் வந்து, சளிக்கு இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒரு இருமல் டானிக்கும் கேட்பார்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்கடையில் நின்று, மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தொங்கும் கயிற்று நெருப்பில் பீடியைப் பற்ற வைப்பார்கள். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது என்று எத்தனை முறை சொன்னாலும், போன தடவை கேட்டதே என்பார்கள். போன தடவை அது தானாகவே சரியாகியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். புகைப்பவர் எப்போதும் இருமிக்கொண்டிருப்பதால், புதிதாக ஒரு நோய் வந்தாலும் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வைரஸ் சளி என்று நினைத்துக்கொண்டிருப்பது காசநோயாக இருக்கலாம். சென்னையிலும் கிராமப்புறங்களிலும் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான தமிழ்நாட்டு ஆய்வு, புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. பெருந்துறை சானடோரியத்துக்குப் போய் வந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு; அவர்களுக்கு இந்த நோயின் கொடுமையைச் சொல்லத் தேவையில்லை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். டானிக்குக்கு என் கடைக்கு வருவதற்கு முன் அங்கே போங்கள்.

ஈரோடு வாசகர்

துளசி, ஆடாதொடை போன்ற மூலிகைகளைச் சுருட்டிய பீடி சளிக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்களே, அண்ணனுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கலாமா? அல்லது மின்சிகரெட்?

கோபி விலங்கியல் ஆசிரியர் (பணி ஓய்வு)

எந்த இலையைக் கொளுத்தினாலும் பிசுபிசுப்பான தாரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் வரும். குறுஇழைகளுக்கு அது துளசிப் புகையா புகையிலைப் புகையா என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. ஆடாதொடையைக் கசாயமாகக் குடிப்பது வேறு, கொளுத்தி நுரையீரலுக்குள் இழுப்பது வேறு. மின்சிகரெட் விற்பனை இந்தியாவில் 2019 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, அதன் ஆவியும் மூச்சுக்குழாய்க்கு நல்லதன்று. பீடி, வெறும் இலை என்பதால் சிகரெட்டைவிடச் சாது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் அந்த இலை காற்றை எளிதில் உள்ளே விடாததால் அணைந்துவிடாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது, அதனால் உள்ளே போகும் நச்சு சிகரெட்டுக்குக் குறைவதில்லை.

காங்கேயம் லாரிக்காரர்

டாக்டரம்மா சொன்ன கணக்குகளை நிதானமாகப் படித்தேன். எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இப்போது விட்டால் பிரயோசனம் உண்டா? இன்னொரு பயமும் இருக்கிறது: எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் திடீரென்று விட்டதும் இருமல் அதிகமாகி, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, புகை பழகிய உடம்பு, நிறுத்தினால் நோய் வந்துவிடும் என்று அவர் மறுபடியும் தொடங்கிவிட்டார்.

கோவை மார்புநோய் மருத்துவர்

அவர் தொடங்காமல் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். விட்ட முதல் சில வாரங்களில் இருமலும் கோழையும் சிலருக்குக் கூடுவது உண்மை. ஆசிரியர் ஐயா சொன்ன குறுஇழைகள் திரும்ப வேலை செய்யத் தொடங்கி, நாள்பட்டுத் தேங்கியதைத் தள்ளுவதும் அதற்கு ஒரு காரணம். அது நோய் அன்று. இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஒன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் இருமலும் மூச்சிரைப்பும் படிப்படியாகக் குறையும், தொற்றைத் தடுக்கும் திறனும் மீளும். நுரையீரலின் நுண்ணறைகள் ஏற்கெனவே அழிந்திருந்தால் அவை திரும்ப வளர்வதில்லை. ஆனால் மேற்கொண்டு அழிவது மெதுவாகும். ஐம்பது வயதில் விடுவதால் வாழ்நாளில் பல ஆண்டுகள் கூடுகின்றன. காய்ச்சல் வந்து சிகரெட்டின் ருசியே பிடிக்காமல் இரண்டு நாள் தள்ளிப்போகிறதே, விடுவதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடைப்பது கடினம்.

மனவுறுதி மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிகோடின் அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் பொருள். 1800 11 2356 என்னும் இலவச எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள். நிகோடின் சூயிங்கமும் விடுவதற்கான மாத்திரைகளும் இருக்கின்றன, மாத்திரை மட்டும் மருத்துவர் எழுதித் தந்தே சாப்பிட வேண்டும்.

தாராபுரம் மருந்துக்கடைக்காரர்

சூயிங்கம் பற்றி ஒரு வார்த்தை. வாங்கிப் போகிறவர்களில் பலர் அதைச் சாதாரண மிட்டாய் போல விடாமல் மென்று, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, ஒத்துக்கொள்ளவில்லை என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மெதுவாகச் சில முறை மென்று, காரம் போல ஒரு சுறுசுறுப்புத் தெரிந்ததும், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுறுசுறுப்பு அடங்கியதும் மறுபடியும் மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படிப் போகும். காபியோ டீயோ குடித்தவுடன் போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது, கால் மணி நேரம் விட்டுப் போட வேண்டும். டீயோடு சிகரெட் என்று பழகிய லாரிக்கார அண்ணனுக்கு இதுதான் சங்கடமாக இருக்கும், ஆனாலும் இதைப் பின்பற்றினால்தான் பலன்.

சோமனூர் தறிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மில் ஐயா சொன்னது என் மனதில் தைத்தது. குடோனில் வெளியேற்றும் மின்விசிறி பொருத்தவும், காய்ச்சல் உள்ளவர்கள் கூலி பிடித்தம் இல்லாமல் வீட்டில் இருக்கவும் முதலாளியிடம் பேசியிருக்கிறோம். விசிறிக்கு ஒத்துக்கொண்டார், கூலிக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. அண்ணனிடம் ஆசிரியர் ஐயாவின் பதிவை வாசித்துக் காட்டினேன். இளகுகிறது என்று நான் நினைத்தது உறுத்துவதால் வருவதா என்று இரண்டு தடவை கேட்டார்.

டாக்டரிடம் இரண்டு கேள்விகள். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அன்று, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 96 என்று காட்டியதால்தான் நாங்கள் ஒரு ராத்திரி தாமதித்தோம். கருவி பழுதா? அடுத்த மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி ஏதும் போட வேண்டுமா?

கோவை மார்புநோய் மருத்துவர்

கருவி பழுதாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கருவி விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்கிடுகிறது. புகைப்பவரின் இரத்தத்தில் ஹீமோகுளோபினின் ஒரு பங்கு ஆக்ஸிஜனுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்சைடைச் சுமந்துகொண்டிருக்கும். நிறையப் புகைப்பவர்களிடம் அது 5 முதல் 10 விழுக்காடு வரைகூட இருக்கும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஆக்ஸிஜன் என்றே எண்ணிவிடும். ஆகவே குடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு 96 என்று காட்டினால், உண்மை அளவு அதைவிடக் குறைவாக இருக்க முடியும்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசியையும் நியூமோகாக்கஸ் ஊசியையும் அண்ணனைப் போன்றவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கிறோம். வைரஸ் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிய பிறகு பின்னாலேயே நுழைவது பெரும்பாலும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாதான். மற்றபடி நல்ல உடல்நிலையில் இருக்கும் நடுவயதுக்காரர்களிடம்கூட, அது இரத்தம் வரை பரவும் கடுமையான தொற்று புகைப்பவர்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு கூடுதலாக வருவதை 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஊசி போட்டுக்கொண்டோம் என்ற தெம்பில் பீடியைத் தொடர்ந்தால் பலன் பாதிதான்.

காய்ச்சல் குறைந்து மறுபடியும் ஏறினாலோ, சளி பச்சையாகவோ துரு நிறத்திலோ இரத்தத்தோடோ வந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க மூச்சுப் போதவில்லை என்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, கருவியில் எந்த எண் இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் கேட்கும்போது, எத்தனை ஆண்டுகளாக, ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இரத்தத்தை நேரடியாக எடுத்து ஆக்ஸிஜனைச் சோதிக்க வேண்டுமா என்பதை அதைக் கேட்டுத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம்.